ஆரலும் ஆப்பிரிக்க மீனும் ஒரே தொட்டியில் இருக்குமா?



கூட்டமைப்புக் கூட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்குக் கடன் கேட்டு மனுக்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. அதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டாங்க: "கடையில மஞ்சள், நீலம்னு ஆப்பிரிக்கா மீன் காட்டுறாங்க. என் பையன் ஏரியில ஆரல் பிடிச்சிட்டு வர்றான், அதையும் தொட்டியில விடுவாங்களாமே. எனக்கு ஒரு தொட்டிதான் வாங்க முடியும். ரெண்டையும் ஒண்ணா விடலாமா?"

சிலர் சிரித்தாங்க. ஆனால் இது சிரிக்க வேண்டிய கேள்வியே இல்லை. உள்கடனில் 20 ஆயிரம் எடுத்துத் தொட்டியும் மீனும் வாங்குகிறோம். பொருத்தமில்லாத மீனை ஒன்றாக விட்டால் ஒரே வாரத்தில் பாதி மிதக்கும். மீன் செத்தாலும் தவணை நிற்காது. அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இருக்கும். ஆனால் எல்லா ஆரலும் எல்லா ஆப்பிரிக்க மீனோடும் இருக்காது. யாரை யாரோடு விடுகிறோம், இரவில் யாருக்கு என்ன தீனி போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜிலேபிக்குச் சொந்தக்காரர்கள்

கடைக்காரர் "சிக்லிட்" என்று சொல்லும்போது ஏதோ புதுசு போல இருக்கும். உண்மையில் நம்ம எல்லாருக்கும் தெரிந்த ஜிலேபி கெண்டையும் ஆப்பிரிக்க சிக்லிட்தான். அது 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றைக்கு எந்த ஏரியில் வலை போட்டாலும் ஜிலேபி வருகிறது. ஒரு ஏரிக்குள் போனால் அதை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். மீன் ஆயும்போது ஜிலேபியின் வாயிலிருந்து குஞ்சுகள் கொட்டுவதைப் பார்த்தவங்க நம்மில் பலர் இருப்பாங்க. இந்தக் குணங்களை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் இருக்கும் வண்ணச் சொந்தக்காரர்களையும் புரிந்துகொள்ளலாம்.

கடையில் விற்கும் ஆப்பிரிக்க சிக்லிட்டுகளின் பூர்வீகம் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா ஆகிய மூன்று ஏரிகள். ஏரி என்றதும் நம்ம ஊர் ஏரி போல நினைக்க வேண்டாம். மலாவி ஏரியின் நீளம், சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகும் தூரம். டாங்கனிக்கா 4,800 அடிக்கு மேல் ஆழம். நம்ம திருவண்ணாமலை மலையின் உயரம் 2,668 அடிதான், மலையைத் தூக்கி அதில் வைத்தால் தீபம் ஏற்றும் உச்சியும் முழுகிப்போகும்! இந்த ஏரிகளில் பாறைகளும் மணலும் அதிகம். தண்ணீர் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கொண்டது. ஒவ்வொரு பாறையும் ஒரு ஆண் மீனின் வீடு. வேறு மீன் வந்தால் சண்டைதான்.

மலாவி ஏரி மீன்களிலேயே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு வகை. முதல் வகையை எம்புனா என்கிறார்கள். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும், கோபக்கார மீன்கள். இரண்டாவது வகை கடையில் "பீகாக்" என்ற பெயரில் வரும். மணலில் இருக்கும் பூச்சி, புழுவைத் தேடித் தின்னும். கொஞ்சம் சாந்தமானது, ஐந்தாறு அங்குலம் வளரும். எம்புனாவிலேயே மஞ்சள் சிக்லிட் மட்டும் ஓரளவு அமைதியானது, அதுவும் பூச்சி தின்னும். பல கடைகளில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு "மலாவி" என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். அங்கேயே நம்ம பிரச்சினை ஆரம்பமாகிவிடுகிறது. எது எம்புனா, எது பீகாக் என்று கேட்டு வாங்குங்க. சொல்லத் தெரியாத கடையில் வாங்காமல் வருவதே நல்லது.

விலாங்கு வேறு, ஆரல் வேறு

பாம்பு போல நீளமாக இருக்கும் மீன்களையெல்லாம் கடையில் "ஈல்" என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள். நாம் அப்படிக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை, நமக்குத் தனித்தனிப் பெயரே இருக்கிறது.

விலாங்கு என்பது பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று சொல்வோமே, அது. அது பிறப்பது கடலில். குட்டியாக ஆற்றில் ஏறி வந்து, பல வருடம் நல்ல தண்ணீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். நம்ம தென்பெண்ணையில் 1958ல் சாத்தனூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. இது போன்ற அணைகள் விலாங்கு ஏறி வரும் வழியையே அடைத்துவிடுகின்றன. மூன்று நான்கு அடி வளரும். தோலாலும் மூச்சு வாங்கும் என்பதால் ஈரப் புல்லில் ஊர்ந்தே போய்விடும். வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். பண்ணையில் குஞ்சு எடுக்கலாமா என்று கேட்டால், ஜப்பானில் பல வருடம் முயன்று 2010ல்தான் ஆராய்ச்சிக் கூடத்தில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வரை கொண்டுவந்தார்கள். ஆகவே வீட்டுத் தொட்டியில் விலாங்கு வேண்டவே வேண்டாம். சிக்லிட்டோடும் வேண்டாம், தனியாகவும் வேண்டாம்.

ஆரல் அப்படி இல்லை. ஏரியிலும் வாய்க்காலிலும் பிறந்து அங்கேயே முட்டையிட்டு வாழும் மீன். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன முள், மூக்கு நுனி கூராக ஆடிக்கொண்டே இருக்கும். பகலில் மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும், இரவில் இரை தேடும். இதிலும் இரண்டு விதம். கல் ஆரல் இரண்டு அடியைத் தாண்டும், வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. சிறிய வகை ஒரு சாண் அளவிலேயே நின்றுவிடும், நமக்கு வேண்டியது அதுதான். குட்டியில் பார்த்து இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை. ஏரியில் வருடக்கணக்கில் வலை போடும் பெரியவர் யாரிடமாவது காட்டிக் கேளுங்க.

ஆரலும் சிக்லிட்டும் ஒன்றாக வாழ்வது நாம் கண்டுபிடித்த விஷயம் இல்லை. டாங்கனிக்கா ஏரியிலேயே பத்துக்கும் மேற்பட்ட ஆரல் இனங்கள் இருக்கின்றன. உலகத்தில் வேறு எங்கும் இல்லாதவை. அங்கே பாறை இடுக்கில் ஆரலும் பாறை மேல் சிக்லிட்டுமாக ஒரே தண்ணீரில்தான் குடியிருக்கின்றன. ஆனால் அது கடல் போன்ற இடம். துரத்தினால் தப்பித்து ஓட வழி உண்டு. நான்கடித் தொட்டியில் அந்த வழியை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

நம்ம போர் தண்ணீர் இதற்கு நல்லது

பொதுவாக நம்ம மாவட்டத்தில் போர் தண்ணீரைப் பற்றிக் குறைதான் சொல்வோம். சோப்பு நுரைக்காது, பானையில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது. அந்தக் கடினத் தண்ணீர்தான் ஆப்பிரிக்க சிக்லிட்டுக்குப் பிடித்தமானது! மழைத் தண்ணீர் போன்ற மென்மையான தண்ணீரில் இவை நன்றாக இருக்காது. பிஎச் அளவு ஏழரைக்கு மேல், எட்டு, எட்டரை வரை இருக்கலாம். பிஎச் பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி வண்ண மீன் கடையிலேயே கிடைக்கும்.

ஆரலுக்கு இது பொருந்துமா? உங்கள் ஊர் ஏரியில் பிடித்த ஆரல் என்றால் அது இந்த மண்ணின் தண்ணீரிலேயே வளர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தாங்கும். கடையில் சிவப்புக் கோடு போட்டு அழகாக இருக்கும் ஆரல் வகை தென்கிழக்கு ஆசிய ஆறுகளிலிருந்து வருவது. அதற்கு மென்மையான தண்ணீர்தான் வழக்கம், மூன்றடிக்கு மேலும் வளரும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

போர் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றக் கூடாது. நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் காற்று குறைவு. ஒரு நாள் டிரம்மில் வைத்து ஏர் மோட்டார் ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்க. நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போகும்படி ஒன்றிரண்டு நாள் திறந்து வையுங்க.

பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரை, சிமெண்ட் ஷீட் வீட்டில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணீரில் காற்று நிற்காது. தொட்டியைச் சுவர் நிழலில் வைத்து, தண்ணீர் மேல் படும்படி சின்ன மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஜமுனாமரத்தூர் பக்கம் இருப்பவங்களுக்கு மார்கழியில் இதற்கு நேர்மாறான கஷ்டம், அங்கே ஹீட்டர் இல்லாமல் ஆகாது.

தீனியில்தான் சிக்கல்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்க. படிக்கத் தெரியாத உறுப்பினருக்குக் குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்க.

எம்புனா பாசி தின்னும் மீன் என்று சொன்னோம். ஆடு மாடு போல அதற்கு நீளமான குடல். ரத்தப்புழு, இறைச்சித் துண்டு போன்ற கொழுத்த தீனியைத் தொடர்ந்து போட்டால் வயிறு உப்பும், சாப்பிடாது, வெள்ளை நூல் போல மலம் போகும், சில நாளில் செத்துவிடும். வந்த பிறகு காப்பாற்றுவது கடினம். ஆரலோ பாசியைத் திரும்பியும் பார்க்காது. அதற்குப் புழுதான் வேண்டும், கடையில் விற்கும் உருண்டைத் தீனியைப் பல ஆரல்கள் கடைசி வரை தொடுவதே இல்லை.

ஆக, எம்புனாவையும் ஆரலையும் ஒன்றாக விட்டால் என்ன ஆகும்? ஆரலுக்காகப் புழு போட்டால் அதை எம்புனா பாய்ந்து தின்று வயிறு உப்பிச் சாகும். எம்புனாவுக்காகப் பாசித் தீனி மட்டும் போட்டால் ஆரல் பட்டினி கிடந்து சாகும். ஆரல் மணலுக்குள் இருப்பதால் மெலிவது நம்ம கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் மணலைக் கிளறும்போதுதான் தெரியும். பல வீடுகளில் "ஆரல் திடீர்னு செத்துப்போச்சு" என்கிறார்கள். திடீரென்று இல்லை, அது ஒன்றரை மாதம் பசியில் கிடந்திருக்கிறது.

அதனால் ஆரலோடு விட வேண்டியது பீகாக் வகைதான், அல்லது மஞ்சள் சிக்லிட். இவை அளவாகப் புழு தின்றால் கெடுதல் இல்லை. அப்படியும் பகலில் போடும் தீனி முழுவதையும் சிக்லிட் முடித்துவிடும். எனவே இரண்டு பந்தி வைக்க வேண்டும். பகல் பந்தியில் சிக்லிட்டுக்கு உருண்டைத் தீனியும் சுருள்பாசித் தூளும். தமிழ்நாட்டில் சில மகளிர் குழுக்கள் வளர்த்துப் பார்த்த சுருள்பாசிதான் கடையில் ஸ்பைருலினா என்ற பெயரில் வருகிறது. வாரம் ஒரு நாள் வேகவைத்த பாலக்கீரை அல்லது தோல் நீக்கிய பட்டாணி கொடுங்க. இரவுப் பந்தி ஆரலுக்கு. விளக்கை அணைத்து அரை மணி நேரம் ஆனதும் சிக்லிட் பாறை ஓரம் ஒதுங்கித் தூங்கிவிடும். அப்போது மண்புழுவைக் கழுவி, சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு நீளக் குச்சியால் ஆரல் இருக்கும் குழாயின் வாசலில் வையுங்க. வாரத்தில் மூன்று நான்கு இரவு, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று துண்டு போதும். காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட வேண்டும்.

மண்புழு என்றதும் உரத் தொட்டிப் புழு ஞாபகம் வரும். அதில் ஒரு விஷயம். மண்புழு உரத்துக்கு வாங்கும் சிவப்புப் புழு வாசனையான ஒரு திரவத்தை விடும், பல மீன்கள் அதைக் கடித்துத் துப்பிவிடும். தோட்டத்து ஈர மண்ணில் தோண்டி எடுக்கும் சாதாரணப் புழுவே நல்லது. பூச்சிமருந்து அடித்த வயலில் எடுக்காதீங்க.

தொட்டியை எப்படி அமைப்பது

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குக் குறைந்து இந்தக் கூட்டணிக்கு ஆகாது. கணக்குப் பாருங்க: 4 × 1.5 × 1.5 என்றால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். விளிம்பு வரை நிறைத்தால் ஏறக்குறைய 255 லிட்டர், அதாவது 255 கிலோ. கண்ணாடி, மணல், கல் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். பழைய மர மேசை தாங்காது. இரும்பு ஸ்டாண்டு வேண்டும், கீழே தரை சமமாக இருக்க வேண்டும், கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் அட்டை வைக்க வேண்டும்.

முதலில் கல்லை வையுங்க, பிறகுதான் மணல். இந்த வரிசை ரொம்ப முக்கியம். மணலைப் போட்டு அதன் மேல் கல் அடுக்கினால் ஆரல் அடியில் குடைந்து குடைந்து கல் சரிந்துவிடும். ஆரல் நசுங்கும், கண்ணாடியும் உடையும். கருங்கல் ஜல்லிக்கு விடும் பெரிய கல்லே போதும், நன்றாகத் தேய்த்துக் கழுவி அடுக்கலாம். (கிரிவலப் பாதை ஓரத்திலும் மலையிலும் கல் பொறுக்காதீங்க. அந்த மலையை அப்படியே விட்டுவிடுவோம்.) மணல் சலித்த மெல்லிய ஆற்று மணலாக இருக்கட்டும், இரண்டு மூன்று அங்குலம் போதும். கூரான சின்ன ஜல்லி போட்டால் ஆரலின் வயிறு கீறிப் புண்ணாகும்.

ஆரல் ஒளிய ஒன்றரை அங்குல பிவிசி குழாயை ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி மணலில் பாதி புதைத்து வையுங்க. உடைந்த மண்பானைத் துண்டும் ஆகும். ஒரு ஆரலுக்கு இரண்டு குழாய் இருந்தால், ஒன்றில் சிக்லிட் குடியேறிவிட்டாலும் இன்னொன்று இருக்கும்.

மூடி இல்லாத தொட்டியில் ஆரலை விடவே கூடாது. அது ஏணி இல்லாமலே ஏறும் மீன். ஏர் மோட்டார் குழாய் போகும் ஓட்டை போதும், இரவில் வெளியே போய்விடும். காலையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும். கண்ணாடி மூடி போட்டு, குழாய் ஓட்டையைப் பஞ்சால் அடைத்து, மூடி மேல் ஒரு செங்கல் வைத்துவிடுங்க.

இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு ஆரல், மிஞ்சினால் இரண்டு. பீகாக் என்றால் எட்டு முதல் பத்து. ஒன்றிரண்டு சிக்லிட் மட்டும் விட்டால் பெரியது சிறியதை அடித்தே கொன்றுவிடும். கொஞ்சம் கூட்டமாக இருந்தால் அடி பங்கு பிரிந்து போகும். ஆனால் எல்லாமே இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததாக இருக்க வேண்டும். ஆரலின் வாய் சிறியதுதான், ஆனாலும் அரை அங்குலக் குஞ்சை இரவோடு இரவாகக் காலி செய்துவிடும்.

உறை ஊற்றாமல் தயிர் ஆகுமா?

புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி அன்றைக்கே மீன் விடுவதுதான் அதிக மீன்கள் சாகக் காரணம். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். அதைத் தின்று மாற்றும் நல்ல கிருமிகள் பில்டர் பஞ்சிலும் மணலிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம்ம கடினத் தண்ணீரில் இது இன்னும் முக்கியம். பிஎச் 7 உள்ள தண்ணீரை விட 8 உள்ள தண்ணீரில் அதே அமோனியா ஏறக்குறைய பத்து மடங்கு விஷமாக மாறும்.

பாலில் உறைமோர் விடுவது போல, நோயில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் பில்டர் பஞ்சைப் பிழிந்து புதுத் தொட்டியில் விட்டால் நாள் குறையும். பிறகு முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விட்டுப் பாருங்க. ஆரலைக் கடைசியாகத்தான் விட வேண்டும். ஏரியில் பிடித்த ஆரல் புழு, ஒட்டுண்ணி எல்லாம் கொண்டுவரும். இரண்டு மூன்று வாரம் தனி டப்பில் மணலும் குழாயும் போட்டு வைத்துப் பார்த்து, நன்றாகத் தின்றால் பிறகு மாற்றுங்க. ஆரலின் தோல் மென்மையானது. மற்ற மீனுக்கு ஊற்றும் மருந்தை, முக்கியமாகத் தாமிரம் கலந்த மருந்தை, அப்படியே ஊற்றினால் ஆரல் தாங்காது. சிக்லிட்டுக்கு நோய் வந்தால் சிக்லிட்டைப் பிடித்துத் தனியாக வைத்து மருந்து கொடுங்க.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். இந்தத் தொட்டிக்கு அது நான்கு குடம். இதை எழுதும்போதே எங்களுக்குத் தெரிகிறது, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களில் நான்கு குடம் சின்ன விஷயம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் இந்தத் தொழிலே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. தண்ணீர் உள்ள ஊரில், எடுத்த தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடுங்க, நல்ல உரம்.

வருமானம் எதில்?

இங்கே கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரல் ஆசைக்கு வளர்க்கும் மீன். வீட்டுத் தொட்டியில் அது குஞ்சு பொரிப்பது அபூர்வம். ஏரியில் பிடித்து விற்றால் ஒரு தடவை காசு, அவ்வளவுதான். வருமானம் சிக்லிட்டில்தான். பெண் மீன் முட்டையை வாயில் வைத்து ஏறக்குறைய மூன்று வாரம் எதுவும் தின்னாமல் காக்கும். தாடை உப்பி இருப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அந்தத் தாயை மெதுவாகப் பிடித்துத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். ஆரல் இருக்கும் தொட்டியிலேயே குஞ்சை விட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் விற்கும் அளவுக்கு வரும்.

எனவே ஒரு தொட்டிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஆரலை மறந்துவிட்டு ஒரே இனத்து சிக்லிட், ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று வாங்குங்க. பல பீகாக் இனங்களைக் கலந்து விட்டால் கலப்புக் குஞ்சு பிறக்கும், விவரம் தெரிந்த வியாபாரி அதை வாங்க மாட்டார். இரண்டாவது தொட்டி வந்த பிறகு பார்வைக்கு ஒன்றில் பீகாக்கும் ஆரலும் வைத்துக்கொள்ளலாம். வாங்க வருகிறவங்க அதைப் பார்த்து நிற்பாங்க, அது உண்மை.

செலவில் மின்சாரத்தை மறக்காதீங்க. 20 வாட் பில்டர் இரவும் பகலும் ஓடினால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் ஆகும். உங்கள் வீட்டு அட்டையில் இப்போது எத்தனை யூனிட் ஓடுகிறது, இதைச் சேர்த்தால் 100ஐத் தாண்டுமா என்று முதலில் பாருங்க. மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் மோட்டார் ஒன்று கையில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் வண்ண மீனுக்குப் பெரிய சந்தை சென்னை கொளத்தூர். இங்கிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். பத்து மீனோடு தனியாகப் போனால் பஸ் செலவுக்கே சரியாகிவிடும். மூன்று நான்கு உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே நாளில் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவதற்கு முந்தின நாள் தீனி போடக் கூடாது. ஆரலைப் பிளாஸ்டிக் பையில் போடாதீங்க, முதுகு முள் பையைக் குத்தி ஓட்டை போட்டுவிடும். மூடி உள்ள வாளியில் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

2020ல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அமைக்கும் வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் என்று வைத்தார்கள். இந்த வருடம் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்க. மானியம் வரும் என்ற நம்பிக்கையில் வெளியில் வட்டிக்கு வாங்கித் தொடங்காதீங்க.

குளத்தில் விடாதீங்க

மீன் அதிகமாகிவிட்டால், அல்லது வளர்க்க முடியாமல் போனால், "உயிராச்சே, குளத்தில விட்டுடலாம்" என்று தோன்றும். பாவம் பார்த்துத்தான் செய்கிறோம். ஆனால் அது ஏரிக்குச் செய்யும் கெடுதல். ஜிலேபி வந்த கதையை மேலே சொன்னோம். இன்றைக்கு உலகத்தில் மிக மோசமாகப் பரவிக் கெடுக்கும் 100 உயிர்களின் பட்டியலில் அது இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000ஆம் ஆண்டு மத்திய அரசு தடை செய்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஆப்பிரிக்காவிலேயே விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் அழிந்துபோயின. வேறு ஏரியில் சண்டியர் போலத் திரியும் குடும்பம் சொந்த ஏரியில் அப்படி அழிந்தது.

அய்யங்குளமோ உங்கள் ஊர் ஏரியோ, எதிலும் கடை மீனை விட வேண்டாம். வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்க, இல்லையென்றால் வளர்க்கும் வேறு உறுப்பினருக்குக் கொடுங்க. ஏரியில் பிடித்த ஆரலையும் சிக்லிட்டோடு இருந்த பிறகு ஏரிக்குத் திருப்பி விடாதீங்க, அது தொட்டி நோயைக் கூடவே கொண்டுபோகும்.

இந்த வேலைக்குக் கடன் கேட்க நினைக்கும் உறுப்பினர்கள் மனு எழுதும் முன் தங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ள வேண்டும். போர் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே பாட்டிலை மூன்று தடவை அலசி, ஒரு லிட்டர் பிடித்து இறுக மூடி, ஊர் பெயரையும் போரின் ஆழத்தையும் எழுதி ஒட்டி, அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம். கடினத்தன்மை, பிஎச், நைட்ரேட் மூன்றும் வேண்டும் என்று கேளுங்க. முடிவுச் சீட்டை ஊக்குனரிடம் கொடுத்து மனுவோடு சேர்த்து வையுங்க.